மூன்றாவது படத்தின் குரல்

எங்கள் வீட்டில் சண்டை வந்ததே கிடையாது. அரூரில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் மேடம். முப்பத்தாறு வருடத்தில் என் மனைவி மாதம்மாளை நான் ‘டீ’ போட்டுக் கூப்பிட்டது மேடையில் மட்டும்தான். அதுவும் வசனத்தில் இருந்ததால்.

நாடகத்தில் நான் பபூன், அவள் டான்ஸ். ராஜா மேடைக்கு வருவதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் நாங்கள் இருவரும் பாடி, ஆடி, ஒருவரை ஒருவர் வாரிக் கூட்டத்தை உட்கார வைப்போம்.

“ஏன்டீ, தீர்த்தமலைக்குத் தனியாவா போற? தொணைக்கு நான் வரட்டா?”

“நீ எதுக்குய்யா? அங்க கொரங்குக்கா பஞ்சம்?”

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பு எனக்கானது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒகேனக்கல்லில் சினிமா எடுக்க வந்தவர்கள், பரிசலில் ஆடிக்கொண்டே பாட ஒரு வயதான பெண் வேண்டும் என்று தேடினார்கள். யாரோ செல்போனில் எடுத்து வைத்திருந்த எங்கள் நாடகத்தை டைரக்டருக்குக் காட்டியிருக்கிறார்கள். அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். மாதம்மாள் நாலு வரி பாடினாள், ஆடினாள். என்னையும் கரையில் நிற்க வைத்தார்கள். படம் வந்தபோது குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். அவள் திரை முழுக்க இருந்தாள். என்னுடையது ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. எங்கள் மகள் அன்பரசி, “அப்பா, முழங்கை பிரமாதமா நடிச்சிருக்குது” என்றாள். நானும் சிரித்தேன். பபூன் சிரிக்காவிட்டால் எப்படி?

இரண்டாவது படத்தில் அவளுக்குத் தனிப் பாட்டே கொடுத்தார்கள். அதன் பிறகு பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் என்னை நிறுத்தி, “நீங்க மாதம்மா வூட்டுக்காரர்தானுங்களே?” என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். நானும் நாடகக்காரன்தான் என்று சொல்ல வாய் திறப்பதற்குள், “அவங்களோட ஒரு செல்பி எடுக்கலாமுங்களா?” என்பார்கள். நாடகத்துக்கு அழைப்பவர்களும், அம்மா வந்தால் போதும், பபூன் எங்கள் ஊரிலேயே இருக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது படம் பெரியது. நாடகத்தில் ஆடிப் பாடிய ஒரு தாயின் கதை. அவள்தான் அந்தத் தாய். கோடையில் படப்பிடிப்பு முடிந்துவிட்டது, குரல் கொடுக்கும் வேலை மட்டும் ஆடியில் என்றார்கள். அவளுடைய சொந்தக் குரல்தான் வேண்டும், அதற்காகத்தான் கதையே எழுதினேன் என்று டைரக்டர் சொன்னார். அது நன்றாக அமைந்தால் இன்னும் இரண்டு படங்கள்.

“மாமா, மெட்ராசுல வூடு பாத்திருக்காங்களாம். அங்கயே போயிருவமா? உனக்கும் ஏதாச்சும் வேஷம் கேக்கறேன்” என்றாள்.

கேட்கிறேன் என்றாள். எனக்காக அவள் கேட்பாளாம். அதில் அவள்மேல் தப்பில்லை. அன்பாகத்தான் சொன்னாள். அதனால்தான் நானும் கோபப்படவில்லை.

நாடகக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவர்கள் பிறர் கையால் வெற்றிலை வாங்க மாட்டார்கள். முகத்துக்குப் பூசும் செந்தூரத்தை வெற்றிலைக்குள் வைத்துக் கொடுத்தால் குரல் கம்மிவிடும், பொறாமைக்காரர்கள் அப்படிச் செய்வார்கள் என்ற பயம். மாதம்மாள் இதில் ரொம்பக் கறார். கல்யாணமான நாளிலிருந்து நான் மடித்துக் கொடுத்தால்தான் போடுவாள். கையை நீட்டுவாள், பார்க்காமலே வாயில் வைத்துக்கொள்வாள். அவ்வளவு நம்பிக்கை.

எங்கள் வேஷப் பெட்டியில் பழைய செந்தூரம் ஒரு டப்பா இருந்தது.

ஒரு மடிப்புக்கு நான் எடுத்தது ஒரு சிட்டிகைகூட இருக்காது. தொண்டை கட்டிக்கொண்டால் அந்த ஒரு படம் தள்ளிப்போகும், அவள் வீட்டோடு இருப்பாள், அவ்வளவுதான் என் எண்ணம். ஆனி கடைசியில் குரல் உடைந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, “பயப்படாதீங்க, ரெண்டு மாசம் பேசாம இருந்தா திரும்பிடும்” என்றார். திரும்பிவிடும் என்று அவர் சொன்ன பிறகு நான் எப்படி நிறுத்த முடியும்?

டைரக்டர் இரண்டு முறை வந்தார். இரண்டாவது முறை அவள் பாடிக்காட்ட முயன்றாள். காற்று மட்டும் வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். வேறொரு பெண்ணை வைத்துக் குரல் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அதன் பிறகு வயிற்று வலி வந்தது. ஐப்பசியில் மணிக்கட்டு இரண்டும் தொங்கிவிட்டன. அபிநயம் பிடித்த கையால் டம்ளரைத் தூக்க முடியவில்லை. நான்தான் ஊட்டினேன், தலை வாரிப் பின்னினேன், புடவை கட்டிவிட்டேன். சாயங்காலம் பழைய வசனங்களை நான் சொல்வேன், அவள் உதட்டை மட்டும் அசைப்பாள். இப்போது சிரிப்பு முழுக்க எனக்கானது. எங்கள் வாழ்க்கையில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அந்த மாதங்களில்தான். வெற்றிலையும் ஒருநாள் தவறவில்லை.

அன்பரசி சேலத்தில் லேப் ஒன்றில் வேலை செய்கிறாள். கார்த்திகையில் வந்தவள் அம்மாவின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் ஓடி வந்தாள். “அப்பா, அம்மா ரத்தத்துல ஈயம் ஏறியிருக்குது. எதுல இருந்து வந்துச்சு?” என்றாள். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன மருந்து, எந்தத் தண்ணி, எந்தப் பாத்திரம். கடைசியாக, “வெத்தல யாரும்மா மடிச்சுக் குடுக்கறது?” என்றாள்.

மாதம்மாள் என்னைப் பார்த்தாள். மேடையில் நான் வசனத்தை மறந்து நிற்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒன்பதாம் நாள் விடியும்போது போய்விட்டாள். அதுவரை என் பக்கம் திரும்பவில்லை. உடம்பு முடியாதவள், திரும்பிப் படுக்கச் சிரமம்.

தை மாதம் படம் வந்தது. அன்பரசி உங்களிடம் புகார் கொடுப்பதற்கு முதல் நாள் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். திரையில் மாதம்மாள் சலங்கை கட்டி, நிமிர்ந்து, வாயைத் திறந்தாள். யாரோ ஒருத்தியின் குரல் வந்தது. எழுந்து நின்று படத்தை நிறுத்தச் சொன்னேன். தியேட்டர்க்காரர் வந்து, “பெரியவரே, சினிமான்னா அப்டித்தாங்க, உக்காருங்க” என்று தோளைப் பிடித்து அழுத்தினார்.

அன்பரசி சொன்னது அத்தனையும் உண்மை. அந்த ஈயச் செந்தூரத்தை வைத்துக் கொடுத்தது நான்தான். குரல் போன பிறகும் கொடுத்தேன். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் மேடம், அந்தப் படக்காரர்கள் மேல் நானும் ஒரு புகார் கொடுக்க வேண்டும். என் மாதம்மாளின் குரலை எடுத்துவிட்டார்கள். கட்டினவன் நான் உயிரோடு இருக்கும்போது, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?