மரங்கொத்தியின் கையெழுத்து

உங்கள் அறை மின்விசிறியில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, ஐயா. உங்களுக்குக் கேட்காது, எனக்குக் கேட்கிறது. நான் சொல்வதை எழுதி முடித்ததும் யாரையாவது விட்டு முறுக்கச் சொல்லுங்கள்.

என் பிழைப்பே காதுதான். விமானத்தின் மூக்குக்குள் ஒரு ரேடார் உண்டு. முன்னால் இருக்கும் மழை எவ்வளவு கனம் என்று பைலட்டின் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பாகக் காட்டும். அதை மூடியிருக்கும் கூம்பில் விரிசல் விட்டால் உள்ளே தண்ணீர் புகும். தண்ணீர் ரேடாரின் அலையைக் குடித்துவிடும். சிவப்பாகத் தெரிய வேண்டியது பச்சையாகத் தெரியும். அதைப் பிடிக்க எங்கள் பட்டறையில் முதலில் எடுப்பது ஒரு காசு. கூம்பை அங்குலம் அங்குலமாகத் தட்டுவோம். நல்ல இடம் ‘டங்’ என்னும், கெட்ட இடம் ‘டொக்’ என்னும்.

என் தங்கையின் கணவர் பைலட். தொப்பியைக் கழற்றினால் தலையும் கூடவே வந்துவிடுமோ என்று பயப்படுகிற ரகம். ரேடாரின் ஆன்டெனாவைத் தரையை நோக்கிச் சாய்த்து வைத்துக்கொண்டு, கீழே இருக்கும் ஊரையே மழை என்று நினைத்து, ‘ரேடார் பழுது’ என்று புகார் எழுதுவார். ஒவ்வொரு முறையும் ‘பழுதில்லை’ என்று மரியாதையாகப் பதில் எழுதுவேன். போன வருடம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஆரம்பித்தார்.

“மச்சான் வேலை என்ன தெரியுமா? காசால மூக்கைத் தட்டுறது. ஒரு மரங்கொத்தியைப் பிடிச்சு விட்டா போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அடுத்த வாரமே பட்டறையிலும் எனக்கு அதுதான் பெயர்.

அந்த வியாழக்கிழமை காலை, அவர் ஓட்டவிருந்த விமானத்தின் கூம்பைத் தட்டினேன். வலப்பக்கம் ஒரு கை அகலத்துக்கு ‘டொக்’. மாற்றுக் கூம்பு கிடங்கிலேயே இருந்தது, இரண்டு மணி நேர வேலை. தாளில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு திருகைக்கூட நான் தொடவில்லை. தொடாததற்கு ஒருவனைப் பிடித்து உட்கார வைத்திருப்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விமானத்தின் படிக்கட்டருகே அவர் வந்தார். “என்ன மரங்கொத்தி, தட்டியாச்சா?”

“தட்டியாச்சு மாப்பிள்ளை.”

மேலே போய்ச் சோதனைப் பொத்தானை அழுத்தியிருப்பார். எல்லா நிறமும் வந்திருக்கும். அந்தப் பொத்தான் ரேடார் பெட்டியைச் சோதிக்குமே தவிர மூக்கைச் சோதிக்காது. பதினான்கு வருடம் ஓட்டியும் அவர் அதைத் தெரிந்துகொள்ளவில்லை. பச்சை என்று நம்பிச் சிவப்புக்குள் போனார். பின்னால் முப்பத்தொரு பயணிகள். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

கொஞ்சம் குலுங்கட்டும், வெலவெலத்துப்போய் இறங்கி வந்து என் முகத்தைப் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். யாரும் சாக வேண்டும் என்று கனவிலும் நினைக்கவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கையும் அதே விமானத்தில் டிக்கெட் எடுத்திருந்தாளே என்கிறீர்கள். ஆமாம். கையெழுத்துப் போட்ட கையோடு அவளுக்குப் போன் செய்தேன். “அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க, நீ உடனே வீட்டுக்கு வா. மாப்பிள்ளைகிட்ட சொல்லாத, பதறுவாரு” என்றேன். அம்மா அப்போது வீட்டில் நிம்மதியாக டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதில் ஒன்றுமில்லை, ஐயா. சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் குலுக்கல் ஒத்துக்கொள்ளாது.