முப்பத்திரண்டாவது கிழங்கு

எனக்கு வேலி ஓரம் சுத்தமாக இருக்க வேண்டும், ஐயா. அதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாக்கா மீஞ்சூர் நர்சரியிலிருந்து கொடி ரோஸ் என்கிற, ரோஜா இல்லாத பூக்கொடியை வாங்கிவந்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவேலியில் வைத்தார். மூன்று மழைக்குள் அது என் முருங்கையை மூடியது. பாத்ரூம் கூரையை மூடியது. காயப்போட்டிருந்த நண்டு வலைக்குள் புகுந்து, வலையை அறுத்துத்தான் பிரிக்க முடிந்தது. எங்கள் ஊர் ஏரிக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அந்தப் பூவோடு படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

நாலு முறை வெட்டினேன். நாலு முறையும் துளிர்த்தது. தோட்டக்கலை படிக்கிற என் தம்பி மகள் சத்யாதான் போனில் சொன்னாள்: "அடியில கெயங்கு இருக்குது அத்த. ஒண்ணு வுட்டாலும் மறுபடி வந்துடும்."

எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கில்லை.

போன செவ்வாய்க்கிழமை அக்கா தன் மகளின் பிரசவத்துக்காக ஆரம்பாக்கம் போனார். நான் மண்வெட்டியை எடுத்தேன். எங்கள் ஊரில் தோண்டுவது சுலபம், வெறும் மணல். மதியத்துக்குள் முப்பத்தொரு கிழங்கு. மீதி வேர் வேலி தாண்டி, அவர்கள் அடுப்படிச் சுவருக்கு அடியில் போனது. நானும் போனேன்.

விடியும்வரை இறால் பிடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அக்கா வீட்டுக்காரர் சுப்பராயலு சத்தம் கேட்டு வந்தார்.

"இன்னா ஜமுனா பண்ற?"

"கொடி உங்க வூட்டுக்கு அடியில பூந்துகிச்சுண்ணா. வுட்டா செவுத்தப் பேத்துடும்."

குனிந்து பார்த்தார். "ஆமா. கடப்பாரையக் குடு."

நல்ல மனிதர். தன் வீட்டைக் காப்பாற்ற என்னைவிட வேகமாகத் தோண்டினார். மூன்று மணிக்கு டீ குடித்தோம். மூன்றரைக்குச் சுவர் உட்கார்ந்துவிட்டது. அவர் குழிக்குள் இருந்தார்.

மல்லாந்து கிடந்தார், இடுப்புவரை செங்கல். நினைவு இருந்தது. "ஆம்புலன்ஸுக்குப் போன் போடு ஜமுனா" என்றார். போடலாம் என்றுதான் கையைத் துடைத்தேன். அப்போதுதான் அவர் முதுகுக்குக் கீழே அதைப் பார்த்தேன். தாய்க் கிழங்கு. நாலு பேர் வந்து மிதித்தால் துண்டாகும். ஒவ்வொரு துண்டும் முளைக்கும்.

"கொஞ்சம் நகுந்துக்கோங்கண்ணா" என்றேன். அவரால் முடியவில்லை. சுற்றித் தோண்ட வேண்டியதாயிற்று. அதனால்தான் நேரமானது.

நடுவில் இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டார். "தோ, முடிஞ்சிடுச்சுண்ணா" என்றேன். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

கிழங்கு முழுசாக வந்தது. கழுவி வைத்துவிட்டுப் போன் செய்தேன். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். அந்த அரை மணி நேரம் என் கையில்தான் இருந்தது. மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் கொடியை வைத்தது நான் இல்லை, ஐயா. காரியமெல்லாம் முடிந்ததும் பச்சையம்மாக்காவையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரியுங்கள்.