ஒரு பள்ளமும் தோண்டாமல்

சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. எனக்கு மண்வெட்டிச் சத்தம் ஒத்துக்கொள்ளாது. எரிவாயு அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் இப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். நீங்கள் விசாரணை அதிகாரி என்பதால் அடக்கிக்கொள்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தண்ணீர் வேண்டாம், ஐயா. நிதானமாகவே சொல்கிறேன். யாரும் வற்புறுத்தவில்லை, நானாகவே சொன்னேன் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு தெருவைத் தோண்டிப் பார்த்தால்தான் அதிலுள்ள சங்கடம் புரியும். கடைக்காரர்கள் முறைப்பார்கள். வண்டிக்காரர்கள் நம் அம்மாவை விசாரிப்பார்கள். பள்ளத்தை மூடிய பிறகும் அந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி வருடக்கணக்கில் இளித்துக்கொண்டு கிடக்கும். அதனால்தான் தோண்டாமல் அடைக்கும் முறை வந்தபோது பயிற்சிக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

முறை மிகவும் எளிது. ஒரு வீட்டை இடிக்கிறார்கள் அல்லது காலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய குழாயிலிருந்து அந்த வீட்டுக்கு வரும் சின்னக் குழாயை நிரந்தரமாக மூட வேண்டும். முன்பெல்லாம் தெருவைத் தோண்டி, பெரிய குழாயின் பக்கத்திலேயே அறுத்து மூடி போடுவோம். இப்போது வீட்டு மீட்டரைக் கழற்றி, வாயு வெளியே வராதபடி ஒரு பொருத்தியை மாட்டி, அதன் வழியாக மெல்லிய குழல் ஒன்றை உள்ளே விட்டுக்கொண்டே போக வேண்டும். பெரிய குழாயைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, மருந்தைச் செலுத்தினால் அது நுரைத்துப் பொங்கிக் கல்லாகிவிடும். அரை மணி நேரம் காத்திருந்து அழுத்தம் பார்த்துவிட்டுக் கைகழுவிக்கொண்டு வந்துவிடலாம். பக்கத்து வீட்டு நாய்கூடத் தலை தூக்கிப் பார்க்காது. நானூற்றுச் சொச்சம் குழாய்களை இப்படி மூடியிருக்கிறேன். ஒன்றுகூடக் கசிந்ததில்லை. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தலைமையகம் ஆண்டுதோறும் ஒரு கேடயம் கொடுக்கிறது. ஒரு பள்ளமும் தோண்டாமல், தீராத புகார் ஒன்றும் இல்லாமல் ஆண்டை முடிக்கும் பிரிவுக்கு. இரண்டு வருடம் தொடர்ந்து நாங்கள்தான் வாங்கினோம். மூன்றாம் முறையும் வாங்கிவிட்டால் அது நிரந்தரமாக எங்களுக்கே. மேலாளர் தன் அறைச் சுவரில் அதற்கு ஆணி அடித்து வைத்திருந்தார்.

அந்த வருடம்தான் காற்புள்ளி வந்து சேர்ந்தார்.

அது அவர் பெயர் இல்லை. அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்திவிட்டு ஓய்வு பெற்றவர். தனி ஆள். ஒரு விஷயத்தை எடுத்தால் முற்றுப்புள்ளியே வைக்க மாட்டார் என்பதால் அலுவலகத்தில் அப்படிக் கூப்பிட்டோம். எங்கள் பாதுகாப்பு அறிவிப்பில் 'வாயு கசிந்தால் உடனே தெரிவிக்கவும்' என்பது 'வாயு கசந்தால்' என்று அச்சாகிவிட்டது. அதைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: 'சுவைத்துப் பார்க்கவில்லை. ஆனால் தெருவில் வாடை அடிக்கிறது.'

அதுதான் முதல் கடிதம். பிறகு மாதத்துக்கு ஒன்று, இரண்டு. ஆறாவது கடிதத்தில் எழுதியிருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'புதுச் சாலை போடுவதற்கு முன் வாடை தெருவில் அடித்தது. போட்ட பிறகு வீடுகளுக்குள் அடிக்கிறது. இதன் பொருள் உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.'

புரிந்தது. மண்ணுக்கு அடியில் கசியும் வாயு, மேலே கெட்டியாக மூடிவிட்டால் பக்கவாட்டில் ஊர்ந்து சுவர் ஓரமாக வீடுகளுக்குள் போகும். பயிற்சியின் முதல் நாளே சொல்லித்தருவது. பிழை திருத்துகிறவர் அதைத் தானாகவே கண்டுபிடித்தார் என்பதில் எனக்கு வியப்புதான், மறுக்கவில்லை.

ஆனால் அது இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் நாடா வெட்டித் திறந்த சாலை. கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்று வருடம் தோண்டத் தடை என்று முனையில் பலகை வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு அந்தத் தடை கிடையாது, உண்மை. ஆனால் அவசரம் என்று யாராவது எழுத வேண்டும். எழுத வேண்டியவன் நான். எழுதினால் பள்ளம். பள்ளம் என்றால் கேடயம் இல்லை.

மேலாளர் கூப்பிட்டார்.

"இந்தக் காற்புள்ளியோட லெட்டர் இது எத்தனாவது?"

"பதினொண்ணு சார்."

"புகாரும் இருக்கக் கூடாது, ரோட்டுலயும் கை வைக்கக் கூடாது. பாத்துக்குங்க."

அவர் சொன்னது அவ்வளவுதான். அவர் மேல் நான் பழி போட மாட்டேன். பார்த்துக்கொண்டவன் நான்.

மறுநாள் காலையில் குழல் பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் கதவில் 'மணி அடிக்கவும்' என்று எழுதியிருந்தது, ஒற்றுப் பிழை இல்லாமல். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கண்கள் கலங்கிவிட்டன. எட்டு மாதமாக எழுதுகிற மனிதருக்குப் பதிலாக ஒரு ஆளே வந்து நின்றால் அப்படித்தான் இருக்கும். தேநீர் போட்டுக் கொடுத்தார். அந்த அடுப்பில் அவர் கடைசியாகப் போட்டது அதுதான்.

"மொதல்ல உங்க குழாய மூடிடுறோம் சார். உங்க பாதுகாப்புக்குத்தான்," என்றேன்.

"அப்புறம் தெருவா?"

"அப்புறம் தெரு."

படிவத்தை முழுக்கப் படித்தார். படிக்காமல் கையெழுத்துப் போட அவரால் முடியாது. இரண்டு இடத்தில் பிழை திருத்தினார். ஒரு சொல்லின் மேல் பேனாவை நிறுத்தினார்.

"நிரந்தரமான்னு போட்டிருக்கே?"

"அது அச்சடிச்ச பாரம் சார். எல்லாருக்கும் அதேதான்."

"அச்சடிச்சதுலதான் தப்பு இருக்கும்," என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒன்பது மீட்டர் குழல் போயிற்று. மருந்து சீராகப் பொங்கியது. அழுத்தச் சோதனையை அரை மணி நேரத்துக்குப் பதில் நாற்பது நிமிடம் செய்தேன். வேலையில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

இணைப்பு போனதும் அவர் எங்கள் வாடிக்கையாளர் இல்லை. வாடிக்கையாளர் இல்லாதவர் புகார் கொடுக்க முடியாது. பழைய பதினொரு புகார்களும் 'இணைப்பு நீக்கப்பட்டது' என்ற காரணத்தோடு தானாகவே முடிந்துபோயின. எனக்கே அது ஆச்சரியம். ஒன்றைத் தட்டினேன், பதினொன்றும் சரிந்தன. பன்னிரண்டாவது கடிதம் 'அனுப்புநர் நுகர்வோர் அல்லர்' என்ற முத்திரையோடு திரும்பிப் போயிற்று. அந்த முத்திரையில் மட்டும் பிழை இருக்கவில்லை.

ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இணைப்பு நம்பர் சொல்லுங்க," என்றாள் புகார்ப் பிரிவுப் பெண்.

"இணைப்பு இல்லம்மா. மூடிட்டாங்க."

"இணைப்பு இல்லாதவங்க புகார் குடுக்க முடியாதுங்க."

"வாடை வர்றதுக்கு இணைப்பு வேணுமாம்மா?"

"எனக்குத் தெரியாதுங்க ஐயா. கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது."

அவர் வெகுநேரம் அந்த வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தார். பின்னால் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் எழுந்து போயிருக்கலாம். அன்று மதியம்தான் கேடயக் குழு வருவதாக இருந்தது, கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவர் வீடு வீடாகப் போய், இணைப்பு உள்ள யாராவது எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார். தனியாக இருக்கும் மனிதர், வாடை வாடை என்று சுற்றினால் யார் காதில் ஏறும்? கடைசியில் சுண்ணாம்புக்கட்டி வாங்கி, வாடை அதிகம் வரும் இடத்தில் சாலையின் மேலேயே ஒரு குறி போட்டுவிட்டார். விட்டுப்போன சொல்லைச் சேர்க்கச் சொல்லி அச்சுப் படியில் போடுவார்களே, கவிழ்த்த கூம்பு மாதிரி, அதே குறி. அதைப் பார்த்துவிட்டுத் தெருவில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குறி சரியான இடத்தில்தான் இருந்தது. பெரிய குழாயின் இரண்டு துண்டுகள் சேரும் இணைப்பு ஒன்று அங்கேதான் இருக்கிறது. ஆள் அனுப்பிக் கழுவச் சொன்னேன்.

நீங்கள் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. மனசு கேட்காமல் ஒரு செவ்வாய்க்கிழமை அளவுக்கருவியை எடுத்துக்கொண்டு நானே போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. குறி இருந்த இடத்துக்கு நேர் எதிரே தையல்காரர் வீடு. முன்னறையில் கடை, பின்னால் குடித்தனம். சுவர் ஓரம் கருவியை வைத்தேன். முள் எழுந்து கடைசி வரைக்கும் போய் நின்றுவிட்டது. கருவி கத்தத் தொடங்கியது. நல்லவேளை, ஒலியை நிறுத்த அதில் ஒரு பொத்தான் உண்டு.

தையல்காரர் தலையை நீட்டினார்.

"என்ன சார், ஏதாவது பிரச்சனையா?"

"இல்லண்ணே. பேட்டரி போயிடுச்சு."

"எதிர்வீட்டுப் பெரியவர் வாடை வாடைங்கிறாரு. எனக்குப் பத்து நாளா சளி, மூக்கே வேலை செய்யல. அவ என்னடான்னா தலைவலி தலைவலிங்கிறா." என் காலைப் பார்த்தார். "பேன்ட் தரையில இழுபடுதே சார். ஒருநாள் கொண்டாங்க, சுருக்கித் தர்றேன். காசெல்லாம் வேணாம்."

நல்ல மனிதர். அதை நான் எப்போதும் சொல்வேன்.

அடுத்த வீடு என் தங்கையின் வீடு. இரண்டுக்கும் ஒரே சுவர். கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே அங்கே போனேன். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பசங்களக் கூட்டிக்கிட்டு ஒரு பத்து நாள் நம்ம வீட்டுக்கு வாம்மா."

"என்ன திடீர்னு? அண்ணிக்கு ஒடம்பு சரியில்லையா?"

"இடுப்பு வலி. எழுந்திருக்கவே முடியல."

"நேத்து போன்ல நல்லாத்தானே பேசுனாங்க?"

"இன்னிக்குக் காலையிலதான் புடிச்சுது. மாப்பிள்ளையும் வரட்டும். இங்கருந்து வேலைக்குப் போறதுக்கு அங்கருந்து போலாம். பூட்டிட்டு வாங்க. கெளம்புறப்ப சுவிட்ச் எதையும் தொட வேணாம்."

"ஏன்?"

"சும்மாதான்."

சாயங்காலமே வந்துவிட்டார்கள். என் மனைவியை நான்கு நாள் படுத்திருக்கச் சொன்னேன். அவளும் சலித்துக்கொண்டே படுத்திருந்தாள். கருவியில் பார்த்த அளவைப் பதிவேட்டில் எழுதவில்லை. பேட்டரி போய்விட்டது என்று ஒருவரிடம் சொல்லிவிட்டேன். பிறகு அளவு எழுதினால் சொன்னது பொய்யாகிவிடும்.

ஆறாம் நாள், திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. தையல்காரர் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டிருக்கிறார். உங்கள் ஆட்கள்தான் கண்டுபிடித்தார்கள். அவர், அவர் மனைவி, தைத்த சட்டையை வாங்க வந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். மூன்று உயிர். என் தங்கை வீட்டின் பாதிச் சுவர் உள்ளே சரிந்தது. பிள்ளைகள் படுக்கும் கட்டில் அதற்கு அடியில். எதிர்வீட்டுக் காற்புள்ளிக்குக் கண்ணாடிச் சில் பட்டு நெற்றியில் ஏழு தையல். அவர் வீட்டுக்குள் வாயு துளியும் ஏறியிருக்கவில்லை. குழாயைச் சோதித்தவர்கள் என் அடைப்பு அப்படியே உறுதியாக இருந்ததாக எழுதியிருக்கிறார்கள். ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன் என்றும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த உயிர்தான் தேதிவாரியாக எல்லாக் கடிதங்களின் நகலையும் உங்களிடம் கொடுத்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. எனக்கு வந்த அழைப்பாணையில் இரண்டு பிழைகள் இருந்தன, அவர் கண்ணில் படவில்லை போலும்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லச் சொல்லி வக்கீல் அறிவுறுத்தினார். சொல்லியிருப்பேன். ஆனால் ஒலியை நிறுத்தினாலும் அளவு கருவியின் நினைவில் நிற்கும் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை, பதினொன்று பத்து. மணி நிமிடம் எல்லாம் சரி. ஆம், எனக்குத் தெரியும். எந்த இணைப்பு என்று தெரியும். எந்தச் சுவர் என்று தெரியும். பத்து நாளுக்குள் என்று கணக்கும் போட்டிருந்தேன். தோண்டியிருந்தால் இரண்டு மணி நேர வேலை. தோண்டச் சொல்லவில்லை. தையல்காரரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னால் தெரு கூடும், பத்திரிகைக்காரன் வருவான், கடைசியில் எப்படியும் பள்ளம்தான்.

இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. தங்கை செய்ததுதான் மனசில் குத்திக்கொண்டே இருக்கிறது. நெருப்பை அணைத்த பிறகு தெருமுனையில் நின்றிருந்தோம். அவள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இடிந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். இடுப்பு வலியின் விவரம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அவங்ககிட்ட ஏண்ணா சொல்லல?" என்றாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. மாப்பிள்ளை வந்து துணிமணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூடப் பிறந்தவளே நம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்றால் வெளியாரைச் சொல்லி என்ன பயன்? நீங்களாவது நியாயமாக யோசித்துப் பாருங்கள், ஐயா. எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. நான் யாரையெல்லாம் கூப்பிட முடியும்?