எட்டு வரித் திருத்தம்

எனக்குச் சட்டென்று கோபம் வராது, சார். சூரமங்கலத்தில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் வருடத்தோடு இன்ஜினீயரிங்கை விட்டவன், நூல்மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கிறவன் என்பார்கள். அதற்குமேல் அவர்களுக்குத் தெரியாது.

உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கும் கெர்னலில், அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை நிரலில், வாயு சென்சாரைப் படிக்கும் எண்ணூறு வரிக்கு நான்தான் பொறுப்பாளர். பட்டியலில் என் பெயர் இருக்கிறது. யார் திருத்தம் அனுப்பினாலும் நான் ஒத்துக்கொண்டால்தான் உள்ளே போகும்.

இப்போது உங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் ஓமலூர் அன்பரசு, மார்ச் மாதம் ஒரு திருத்தம் அனுப்பினான். ஜவ்வரிசி ஆலைகளுக்கு, அந்தக் கெர்னலில் ஓடும் வாயுப் பெட்டி செய்து கொடுக்கிறவன். கழிவுக் குழியில் விஷவாயு இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. ஈரத்தில் சென்சார் நின்றுபோனால், என் வரிகள் கடைசியாகப் படித்த அளவையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தன. குழியில் என்ன இருந்தாலும் பச்சைதான். அதைக் கண்டுபிடித்துவிட்டான். சென்சார் நின்றால் சிவப்பு எரியும்படி எட்டே வரியில் சரிசெய்திருந்தான். சுத்தமான வேலை.

எங்களிடம் ஒரு வழக்கம். திருத்தத்தின் அடியில், இந்தப் பிழை எந்த மாற்றத்தால் வந்தது என்று எழுத வேண்டும். எழுதியிருந்தான். ஆறு வருடத்துக்கு முன் நான் செய்த மாற்றம். ஒருமுறை உள்ளே போனால் அதை யாராலும் அழிக்க முடியாது.

திருப்பி அனுப்பினேன். வரி ஓரத்தில் ஒரு காலி இடம் அதிகம் என்றேன். சரிசெய்தான். விளக்கம் நீளம் என்றேன். இரண்டாகப் பிரி என்றேன். பிரித்ததும், சேர் என்றேன். போன் செய்தான்.

“ஏனுங்கண்ணா, பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இத்தனை குறை சொல்ல மாட்டாங்க.”

“அந்தக் கடைசி வரி வேண்டாமே, அன்பரசு.”

“அதை எடுத்துட்டா, பழைய கெர்னல் வெச்சிருக்கறவங்களுக்கு, தங்ககிட்டயும் இந்தப் பிழை இருக்குன்னு எப்பிடீங்க தெரியும்?”

நியாயமான கேள்வி. போனை வைத்துவிட்டேன்.

ஜூனில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மறுபடி கூப்பிட்டான்.

“அண்ணா, நாளைக்குக் காலையில இங்க ஒரு ஆலையில, வேலைக்கார சடையண்ணன் கழிவுக் குழி கழுவ இறங்கறாருங்க. என் திருத்தத்தைப் பெட்டியில போட்டுரட்டுங்களா? நீங்க இன்னும் ஒத்துக்கலைன்னு ஆலை மொதலாளி யோசிக்கறாரு.”

நான் அவசரப்பட்டுப் பேசுகிறவன் இல்லை. யோசித்தேன். திருத்தத்தைப் போட்டால் சிவப்பு எரியும். இத்தனை நாள் ஏன் எரியவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள்.

“போடாதே. உன்னுதுல கோளாறு இருக்கு. பழசே நம்பகம். பச்சை காட்டுச்சுன்னா தாராளமா இறங்கச் சொல்லு.”

“சரிங்கண்ணா. நீங்க சொன்னாப் போதுமுங்க.”

சடையன் ஏழு மணிக்கு இறங்கினார். சத்தம் இல்லையே என்று அவரைத் தூக்க அவர் மனைவி கந்தம்மாள் இறங்கினார். இரண்டு பேரையும் வெளியே எடுக்கும்போதும் பெட்டி பச்சைதான் காட்டியது.

அன்பரசுவை விட்டுவிடுங்கள், சார். அவன் திருத்தத்தில் ஒரு கோளாறும் இல்லை. ஏப்ரலிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டேன். குழியில் வாயு இருக்கும் என்று தெரிந்துதான் இறங்கச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே அந்த எட்டு வரியை என் பெயரில் உள்ளே சேர்த்துவிட்டேன். இனி எத்தனையோ பேர் பிழைப்பார்கள். அதையும் ஓர் ஓரத்தில் குறித்துக்கொண்டால் நல்லது.