பதாகையில் ஒட்டிய வெள்ளைக் கடதாசி

தலைமைப் பொறுப்பையும் இந்த மண்டபத்துக் குளிரையும் ஒருங்கே தாங்கி வீற்றிருக்கும் கிறிஸ்துநாயகம் அண்ணை அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, பெற்ற பிள்ளைகளோடு பராமரிப்பு இல்லத்து முதியோரையும் பேணிக் காக்கும் பெருமைமிகு தாய்மாரே, பின்னால் டேனிஷ் மொழியில் குசுகுசுக்கும் செல்வங்களே, கிரின்ஸ்டெட் ஊரிலிருந்து வந்திருக்கும் ஸ்ரான்லியின் வணக்கம்.

நம் சில்க்போர்க் நகரில் சிகிச்சை நிலையம் திறந்திருக்கும் கிருபாஷினியைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். அவள் பெயருக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கடதாசி. அதன் கீழே என்ன? "டொக்டர்." அச்சடித்தவர் அப்பா அருள்நேசன், ஒட்டி மறைத்தவள் மகள். "நான் டொக்டர் இல்லையப்பா, ஒஸ்டியோபாத். எலும்பையும் தசையையும் கையாலை பார்த்துச் சுகப்படுத்திறது என்ரை வேலை" என்றாளாம். அன்று தொடக்கம் அப்பா மகளோடு கதைப்பதில்லை. அதோ, கடைசி வரிசையில் கைகட்டி இருக்கிறார்.

அருள்நேசன் அண்ணை, ஒரு கதை சொல்லட்டுமா?

இருபத்திரண்டு ஆண்டுகள் பெட்டி தூக்கிய என் நாரி, இதோ இடுப்பின் பின்பக்கம், போன மாசியில் பிடித்துக்கொண்டது. நாரிக்கு டேனிஷில் என்ன சொல்? யாருக்குத் தெரியும்? முதுகு, முதுகு என்றே சொன்னேன். முதுகுக்கே மாத்திரை தந்தார்கள். கடைசியில் கிருபாஷினியின் மேசையில் குப்புறப் படுத்தேன்.

"எவடம், அங்கிள்?"

"நாரி, பிள்ளை. கதிரையிலை குந்தி இருக்கிற இடமும் உணர்ச்சியில்லாமல் விறைச்சுக் கிடக்கு."

அவள் கை நின்றது. "ஒண்டுக்குப் போறதும் கஷ்டமோ?"

மனைவி றோஸிடமே மறைத்ததை ஒப்புக்கொண்டேன். சிரிக்காதீர்கள், மரினா அக்கா. உங்களுக்கும் நாரி இருக்கிறது.

"இதிலை நான் கை வைக்கக் கூடாது, அங்கிள். இப்பவே வைத்தியசாலைக்குப் போகோணும்" என்று தானே தொலைபேசி எடுத்தாள். அன்றே சத்திரசிகிச்சை. ஒரு நாள் பிந்தியிருந்தால் சக்கர நாற்காலிதான் என்றார்கள்.

தொடத் தெரிந்த கைகள் எத்தனையோ உண்டு; தொடக்கூடாத இடத்தில் நிற்கத் தெரிந்த கை எத்தனை? டொக்டர் என்று இவள் நடித்திருந்தால் அழுத்தியிருப்பாள். அழுத்தியிருந்தால் நான் இங்கே நிற்பேனா? நின்று பேசுவேனா? தன் எல்லையை அறிந்த அந்த நேர்மையை எந்தக் கல்லூரி கொடுத்தது? நீங்கள் கொடுத்தது, அண்ணை. அந்த வெள்ளைக் கடதாசிதான் என் இரண்டு கால்களையும் காப்பாற்றியது.

என்ன, எழும்புகிறீர்களா? எங்களுக்குக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள்.

"ஓம். என்ரை மகள் ஒஸ்டியோபாத்."

சபையோரே, கேட்டீர்களா? கிருபாஷினி, அழாதை பிள்ளை, அப்பா முன்னுக்கு வாறார். உன் பக்கத்துக் கதிரையை விடு.

எனக்கும் ஒரு கதிரை தந்தார்கள், வேண்டாம் என்றேன். நின்றே நன்றி சொல்கிறேன், நின்றே வணங்குகிறேன்.