வெளித் தாழ்ப்பாள்

கதவு மாட்டும்போது தரைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் சந்து விட வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் மரம் ஊதிக்கொண்டு நகராது. அந்தக் கட்டடத்தின் கதவுகள் எல்லாம் நான் மாட்டியவை. ஒன்றுகூடத் தரையை உரசாது. ஐயா வேண்டுமானால் ஆள் அனுப்பிப் பார்க்கலாம்.

தெருவில் கிடப்பவர்களுக்கு ஆளுக்கொரு அறை என்று அரசாங்கம் கட்டியது அது. கட்டில், அடுப்பு, குழாய், கழிப்பறை எல்லாம் உள்ளேயே. வாடகை கிடையாது. அதுகூடப் போகட்டும், நிபந்தனையும் கிடையாது. குடிக்கிறவன் குடிக்கலாம். வேலைக்குப் போ என்று யாரும் சொல்லக் கூடாது. நான் நம்பவில்லை. எனக்கு யாரும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. கொடுத்தவனும் பிறகு அதைத் திருப்பிக் கேட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறான்.

அறைகளைப் பார்த்துக்கொள்ள ஆபீசிலிருந்து ஒரு அம்மா வருவார். சின்ன வயது, மெதுவான பேச்சு. கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் வைக்கவே கூடாது என்றார். "சாவி அவங்க கையில இருக்கும். உள்ள இருக்கறதும் வெளிய போறதும் அவங்க இஷ்டம்." நான் தலையை ஆட்டினேன். கட்டி முடித்த பிறகும் ரிப்பேர் வேலைக்கு என்னை வைத்துக்கொண்டார்கள்.

என் தம்பிக்கும் அங்கே அறை கிடைத்தது. மாடியில் கடைசி அறை.

அதற்கு முன்னால் பல வருடமாக அவன் கிடந்தது என் பட்டறைக்கு எதிரே உள்ள நடைபாதையில். ஊரில் எத்தனையோ நடைபாதை இருக்கிறது, அவனுக்கு அதுதான் பிடித்தது. நான் கல்மனசுக்காரன் இல்லை. வீட்டுக்கே அழைத்துப் போனேன். மாப்பிள்ளை வந்திருந்த அன்று கூடத்தில் வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு என் மனைவி சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி நடைபாதைக்கே கொடுத்தனுப்பினாள்.

ஜன்னல் செய்யச் சொல்லி வருகிறவர்கள் கேட்பார்கள், யாருங்க அது என்று. யாரோ என்பேன். ஒரு தடவை அது அவன் காதில் விழுந்துவிட்டது. எழுந்து வந்து அந்த மனுஷருக்குப் பெரிய கும்பிடு போட்டான். "ஆமாங்க, நான் யாரோதான். இவரும் எனக்கு யாரோதான். மூக்கை மட்டும் பாத்துக்கிட்டுப் போங்க, ரெண்டும் ஒரே அச்சு."

வந்தவர் சிரித்தார். ஜன்னலை வேறு இடத்தில் கொடுத்தார்.

சாவி கிடைத்தும் அவன் அறையில் தங்கவில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டு அறைக்கு வெளியே நடையில் படுத்தான். பிறகு மறுபடி என் பட்டறை எதிரே வந்துவிட்டான். "கதவ சாத்துனா காது அடைக்குதுண்ணே. கொஞ்சம் கொஞ்சமா பழகிக்கிறேன். அந்தம்மா ஒண்ணும் அவசரமில்லன்னு சொல்லியிருக்காங்க." அந்தம்மாவுக்கு அவசரமில்லை. அவர் பட்டறை எதிரேயா படுத்திருந்தான்?

அவரிடமே போய்க் கேட்டேன். குடியை நிறுத்தினால் தானாகத் தங்குவான், பாட்டிலைப் பிடுங்கினால் என்ன என்று. அவர் பதறிப்போனார். "அதை மட்டும் செஞ்சிடாதீங்க ஐயா. இத்தனை வருஷக் குடி. ஒரேடியா நிறுத்துனா உடம்பு உதறி வலிப்பு வந்துரும். உயிரே போயிரும். டாக்டர் பக்கத்துல இருந்துதான் செய்யணும். அவர் முதல்ல நிம்மதியா தூங்கட்டும்."

சரிங்கம்மா என்றேன்.

பூனையைப் புது வீட்டுக்குக் கொண்டுபோனால் சில நாள் அடைத்து வைப்பார்கள். திறந்து விட்டால் பழைய இடத்துக்கே ஓடிவிடும். இது படிக்காதவனுக்கும் தெரியும். ஒரு தாழ்ப்பாளை எடுத்துக்கொண்டு போய் அவன் கதவின் வெளிப்பக்கம் திருகினேன். அவனைக் கூட்டிவந்து ரொட்டியும் பழமும் ஒரு குடம் தண்ணீரும் உள்ளே வைத்தேன். தலைமாட்டில் அவன் வைத்த பாட்டிலை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அதை அவன் பார்க்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் இருக்குண்ணே. இன்னிக்கு இங்கயே படுத்துப் பாக்குறேன்."

அப்படித்தான் சொன்னான். நம்பியிருக்கலாம். நான் யாரையும் நம்பிப் பழகியவன் இல்லை. வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.

முதலில் கேலியாகத்தான் தட்டினான். "யோவ் தச்சரே, கதவு இறுகிக்கிச்சு. உம்ம வேலை லட்சணம் தெரிஞ்சு போச்சு." மறுநாள் நான் போனபோது குரல் மாறியிருந்தது. கை நடுங்குது, ஒரு மூடி போதும், ஒரே மூடி என்றான். அதற்கும் மறுநாள் சுவரில் எறும்பு ஊருகிறது என்றான். அந்தச் சுவரில் எறும்பு கிடையாது, புதுச் சுண்ணாம்பு.

எதிர் அறைக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து நிலையத்தில் படுத்துக் கிடந்தவள். "உன் தம்பி செவத்துல முட்டிக்கிறான்யா. தெறந்து விடுய்யா, புண்ணியமாப் போவும்."

"வாயைத் திறந்தா உன் அறையும் போயிரும். நாளைக்கே பேருந்து நிலையம்தான்" என்றேன்.

அப்படி ஒரு சட்டமே இல்லை. ஆனால் அவள் நம்பினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மத்தியானம் நான் அவன் கதவுக்கு வெளியே நின்றேன். மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். "அண்ணே" என்றான். பிறகு, "நீ அங்கதான் நிக்கிறே. மரத்தூள் வாசனை வருது." நான் பேசவில்லை. பேசினால் திறக்க வேண்டி வரும். ஏதோ விழுந்தது. குடமாக இருக்கலாம். குதிகால் தரையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது, வேகமாக, பிறகு விட்டு விட்டு. பிறகு அதுவும் இல்லை.

வீட்டுக்குப் போனேன். உங்க தம்பி எப்படி இருக்காரு என்று மனைவி கேட்டாள். பழகிட்டான் என்றேன். நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தேன். அப்படித் தூங்கி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. காலையில் பட்டறையைத் திறந்து, எதிர் நடைபாதையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

அன்று நான் வேலைக்குப் போனபோது அவன் கதவைத் திறந்தது ஆபீஸ் அம்மாதான். திட்டவில்லை. தாழ்ப்பாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அங்கேயே நடையில் உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்து வருவதற்குள் என் வீட்டுக் கதவுகளை எல்லாம் கழற்றிவிட்டேன். கதவு இருந்தால் தட்டுகிறது. குளிக்கிற இடத்துக் கதவையுமா என்று மனைவி கேட்டாள். அதையும்தான். அவள் புடவையைக் கட்டித் தொங்கவிட்டாள். ஈரத்தில் மரம் முனகும், அது எனக்குத் தெரியும். மரம் அண்ணே என்று கூப்பிடாது. இங்கே இந்த அறையிலும் ஒரு கதவு இருக்கிறது. அதைக் கொஞ்சம் திறந்தே வைக்கச் சொல்லுங்கள்.

அந்தம்மா சொன்ன எச்சரிக்கை மறந்துபோய்விட்டது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. அவன் கதவுக்கு வெளியே நின்றபோது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான்தான் செய்தேன். கைரேகை வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. என் தம்பி தெருவில் சாகவில்லை. வீட்டில்தான் செத்தான்.