கடைசி நாலு நிமிஷம்

— மறுபடியும் சொல்றேன் தம்பி, சிடி அடிக்கிற கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிட்டான். ஏழாவது பாட்டுல கடைசி நாலு நிமிஷம் காலியா இருக்காம். தெரியாம விட்டதா, தெரிஞ்சு விட்டதான்னு கேட்டு எழுதியிருக்கான். சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும்.

— காலியா? யாரு அக்கா அவன்? காதுன்னு ஒண்ணு இருக்கா அவனுக்கு?

— மிஷின் இருக்கு. மிஷின் சொல்லுது காலின்னு.

— மிஷினுக்கு மெட்டல் பாட்டைப் பத்தி என்ன தெரியும்? அங்க ஒரு நோட், ஒரே ஒரு ஸ்வரம், நிக்குதுக்கா. என் கிடார்லேருந்து கெளம்பி, ஆம்ப் ஸ்பீக்கர்ல சுத்தி, மெலிஞ்சு மெலிஞ்சு கடைசியில ஊசி மாதிரி நிக்குது. இந்த ஆல்பத்தோட உயிரே அதுதான்.

— கெளம்பறது கேக்குது. நாப்பது செகண்டு நிக்கறதும் கேக்குது. அப்புறம் அடங்கிடுது. அதுக்கு மேல நீ எதைக் கேக்கறேன்னுதான் எனக்குப் புரியல. இங்க வா, ஸ்கிரீனைப் பாரு. கோடு நீட்டிப் படுத்துக் கிடக்கு.

— நோட் மெலிசு, அதான் கோடும் மெலிசு. நீங்க கண்ணால பாட்டு கேக்கறீங்க.

— இருபத்திரெண்டு வருஷமா இந்த ஸ்டுடியோவ நடத்தறேன் தம்பி.

— நடத்தறீங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா நீங்க பண்றது ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பும் பல்பொடி விளம்பரமும்தானே. தப்பா எடுத்துக்காதீங்க.

— எடுத்துக்கல. ஆனா பாத்துக்க, நான் பண்ற அறிவிப்புல வண்டி வருதுன்னு சொன்னா, லேட்டானாலும் வந்து சேரும். உன் நோட்டு வரவே மாட்டேங்குது. எப்பா, உன் மனசுல ஓடறதை வெளிய கேக்கறதா நெனச்சுக்கறியோ?

— அந்த வித்தியாசம் தெரியாதவனா நான்? நான் வேலை பாக்கற மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வந்து ஒரு நாள் உக்காருங்க. கண்ணு டெஸ்ட் பண்ணும்போது சில பேர் எழுத்தெல்லாம் தெரியுதுன்னு சாதிப்பாங்க. அட்டையை மனப்பாடம் பண்ணி வச்சிருப்பாங்க. நான் சத்தமில்லாம அட்டையை எடுத்துட்டு வெறும் சுவரைக் காட்டுவேன். அப்பவும் மேல் வரிசையிலேருந்து கடகடன்னு படிப்பாங்க. பாவமா இருக்கும். அப்படிப்பட்ட ஆள் இல்லக்கா நான்.

— சரி சரி. அதை அப்புறம் பாப்போம். சிடி அட்டைக்குள்ள வைக்கிற புத்தகமும் இன்னிக்கே அச்சுக்குப் போகணும். நீ எழுதினதைப் படிக்கிறேன், தப்பு இருந்தா சொல்லு. "எங்கள் முதல் ஆல்பத்தில் யார் யாருடைய சாயல்." இதைப் போயி யாராவது தானா எழுதித் தருவாங்களா? எல்லாரும் மூடி மறைப்பாங்க.

— அது ஒருத்தருக்குப் பதில். போன வருஷம் ரெண்டு பாட்டை மட்டும் இன்டர்நெட்ல ஏத்தினோம் இல்ல? ஒருத்தர் விமர்சனம் எழுதினார். "நன்றாக வாசிக்கிறார்கள். ஆனால் இதில் ஒரு நொடிகூட இவர்களுடையது இல்லை." ஒரு நொடிகூட! மூணு நாள் எனக்கு சோறு எறங்கல. அப்பவே முடிவு பண்ணிட்டேன், எதை எங்கேருந்து எடுத்தோம்னு நானே எழுதிடறதுன்னு. எழுதிட்டு, எடுக்காத ஒண்ணையும் எழுதணும்னு.

— "முதல் பாட்டு: சித்தப்பாவின் கேசட்டுகள்."

— குளிர் நாட்டு மெட்டல் பாண்டுங்க. மொத்தம் இருபது கேசட். சித்தி தூக்கிப் போடச் சொன்னாங்க, நான் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டேன். பன்னெண்டு நிமிஷம் ஒரே பாட்டு, நடுவுல தாளம் மாறிக்கிட்டே இருக்கும். எங்கம்மா கேசட் சிக்கிக்கிச்சுன்னு நெனச்சு பிளேயரத் தட்டுவாங்க.

— "இரண்டாம் பாட்டின் பதினோரு எண்ணிக்கை: லிஃப்ட்."

— கீழ பார்க்கிங்லதான எங்க ப்ராக்டிஸ். அந்த லிஃப்ட் கதவு ஒழுங்கா மூடாது. ஆறு தடவ மோதும், ஒரு மூச்சு விடும், அஞ்சு தடவ மோதும். எங்க ட்ரம்மர் இடி அதை அப்படியே ட்ரம்ல எடுத்துட்டான்.

— இடின்னு பேரு வச்சதுக்கு ஏத்தவன்தான். "நான்காம் பாட்டு: ட்ரம்மருடைய அம்மாவின் வாஷிங் மிஷின்."

— அதுக்கு ஒரு கால் குட்டை. சுத்த ஆரம்பிச்சா நடந்தே கூடத்துக்கு வந்துடும். அவன் எண்ணிக்கிட்டே பின்னாடி போவான். ஏழு, ஏழு, அஞ்சு. அவங்கம்மா மிஷினைப் புடிடான்னு கத்துவாங்க, இவன் இரும்மா, கணக்கு விட்டுப் போயிடும்பான்.

— "ஐந்தாம் பாட்டின் கீபோர்டு: பல் டாக்டர் வீட்டு வெயிட்டிங் ரூம்."

— அது பாடினவளோட, இடி பொண்டாட்டியோட ஐடியா. பயமும் தூக்கமும் சேந்து வரணும்னு சொன்னா.

— நல்லாத்தான் எழுதியிருக்க. படிக்கவே சிரிப்பா இருக்கு. "ஏழாம் பாட்டின் கடைசி நான்கு நிமிடம்: யாருடைய சாயலும் இல்லை. இது எங்களுடையது." இங்க 'எங்களுடையது'வ அடிச்சுட்டு பேனாவால 'என்னுடையது'ன்னு எழுதியிருக்க.

— எங்கள்னு சொல்ல இப்ப யார் இருக்கா?

— அதையும் கேக்கணும்னு இருந்தேன். அவங்க ரெண்டு பேர் பேரையும் போடலாமான்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடணும். ஸ்பீக்கர்ல போடறேன், நீ வாயத் தொறக்காத.

— எடுக்க மாட்டான்.

— ஹலோ, சொல்லுங்கக்கா. சீக்கிரம். ஸ்கூல் விட அஞ்சு நிமிஷம்தான் இருக்கு, வேன்ல உக்காந்திருக்கேன்.

— இடி, ஆல்பம் அச்சுக்குப் போகுதுப்பா. உன் பேரையும் உன் வீட்டுக்காரி பேரையும்...

— வேண்டாம். ரெண்டும் வேண்டாம். சரி விடுங்க.

— அடிச்சது நீ, பாடினது அவ. பேரு இல்லாம எப்படிப் போடறது?

— யாரோ அடிச்சாங்க, யாரோ பாடினாங்கன்னு போடுங்க. ட்ரம்மையெல்லாம் கழட்டி மாமனார் வீட்டுப் பரண்ல ஏத்தியாச்சு. இனி எறக்கப் போறதில்ல. சரி விடுங்க.

— அப்படி என்னதான்டா நடந்தது? அவன் மென்னு முழுங்கறான்.

— என்ன நடந்ததா? கடைசிப் பாட்டைப் போட்டுக் காட்டினான். கேட்டோம். முடிஞ்சுது. எழுந்தோம். 'உக்காருங்க, இன்னும் நிக்குது'ன்னான். உக்காந்தோம். எனக்கு ஃபேன் சத்தம்தான் கேட்டது. 'ஒண்ணும் கேக்கலடா கம்பி'ன்னேன். 'உனக்குக் கை இருக்கு, காது இல்ல'ன்னான். சரி, என்னைச் சொன்னது போகட்டும். இவ சிரிச்சுட்டாக்கா. வேணும்னு சிரிக்கல, வந்துடுச்சு. 'அடுத்தவங்க குரலைக் காப்பியடிக்கிறவளுக்கு இதெல்லாம் எங்க புரியும்'னான். அவளுக்கு அப்ப ஏழு மாசம். ராத்திரியெல்லாம் அழுதா. ஆறு வருஷம் கூட இருந்தோம், ஆறு வருஷம். சரி விடுங்க.

— அவன் இங்கதான் இருக்கான் இடி.

— தெரியும். மூச்சு விடறது கேக்குது. டேய் கம்பி, காதுல பஞ்சாவது வச்சுக்கடான்னு எத்தனை தடவ தலையில அடிச்சுக்கிட்டேன். ஆம்ப் மேல தலைய சாச்சுக்கிட்டே வாசிப்பான்க்கா, 'எலும்புல ஏறணும்டா'ம்பான். இப்பவாவது வச்சுக்கறியா? பேச மாட்ட. மணி அடிச்சுட்டாங்க, புள்ளைங்க வருது. வைக்கிறேன்.

— வச்சுட்டான்.

— பாத்தீங்களா? அன்னிக்கும் கேக்கல, இன்னிக்கும் கேக்கலைங்கறான். தெனம் சிம்பல் தட்டுக்குப் பக்கத்துல உக்காந்த காது. அது எப்பவோ போயிருக்கும்.

— ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் நீ. கொழந்தை பொறந்ததையாவது கேட்டிருக்கலாம்.

— வாய் வரைக்கும் வந்துச்சு. பொண்ணா பையனான்னுகூட எனக்குத் தெரியாதுக்கா. தப்பு என் மேலன்னா அன்னிக்கே அவ கால்ல விழுந்திருப்பேன். ஆனா நோட் இருக்கே? இருக்கிறதை இல்லைன்னு சொல்லித்தான் ஒட்டிக்கணும்னா, எப்படி ஒட்டறது?

— எனக்கும் வயசு நாப்பத்தெட்டு ஆச்சு. கீச்சுனு இருக்கிற சத்தமெல்லாம் முன்ன மாதிரி கேக்கறதில்ல. ஒருவேளை என் காதுதானோன்னு எனக்கே ஒரு சந்தேகம்.

— அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மரியாதைக்காகச் சொல்லாம இருந்தேன்.

— ரொம்பத்தான் மரியாதை. சிடி கம்பெனி மிஷினுக்கும் வயசாயிடுச்சாக்கும். சரி, ஒண்ணு கேக்கறேன். அந்த நோட்டு பாட்டைப் போட்டாத்தான் கேக்குதா?

— அதான்க்கா அதோட விசேஷமே. கூடவே வரும். பாட்டை நிறுத்திட்டு வீட்டுக்குப் போனாலும் விடாது. நல்ல பாட்டுன்னா அப்படித்தானே? நாள் முழுக்க வாயில வந்துக்கிட்டே இருக்கும்ல.

— எப்பலேருந்து?

— ரெக்கார்டிங் முடிச்ச வாரத்திலேருந்து. படுத்தா தலகாணிக்குள்ளேருந்து வரும்.

— குளிக்கும்போது?

— குளிக்கும்போது இல்ல. தண்ணி சத்தத்துல அமுங்கிடும். குழாயை மூடினா திரும்ப வந்துடும்.

— கடையில?

— கடையில கூட்டம் இருந்தா தெரியாது. மத்தியானம் ஆள் இல்லாதப்ப நல்லா கேக்கும். முந்தாநாள் ஓனர் ரெண்டு தடவ கூப்பிட்டாராம். நான் அதுல முழுகியிருந்தேன், காதுலயே விழல.

— தூக்கம் வருதா?

— வர்றதில்ல. வராட்டா என்ன? ரெண்டு பேரும் போனதுக்கப்புறம் அந்த ரூமுக்குப் போனா வெறிச்சுனு இருக்குக்கா. அதுல இது ஒண்ணுதான் துணை. சித்தப்பா கேசட்ல இது இல்ல. லிஃப்ட்ல இல்ல. வாஷிங் மிஷின்ல இல்ல. அந்த விமர்சனக்காரர் கேட்டாரே ஒரு நொடி, அது இதுதான். நாலு நிமிஷமா நிக்குது. இதை வெட்டிட்டா, மிச்சம் எல்லாமே இரவல். ஆறு வருஷம் இரவல் வாசிச்சோம்னு ஆயிடும். அதுக்காகவா அவங்களைத் தொலைச்சேன்?

— இதைப் பத்தி டாக்டர் யார்கிட்டயாவது சொன்னியா தம்பி?

— பாட்டைப் பத்தி டாக்டர்கிட்ட எதுக்குச் சொல்லணும்?

— சும்மா கேட்டேன்.

— ஏன்க்கா ஒரு மாதிரி பாக்கறீங்க?

— ஒண்ணுமில்ல. அந்தக் கதவைச் சாத்து. உள்கதவு, வெளிக்கதவு ரெண்டும். ஏசியையும் நிறுத்திடறேன். யார் காதுல கோளாறுன்னு இன்னிக்குப் பாத்துடலாம்.

— இது நியாயமான பேச்சு.

— முழுப் பாட்டு வேண்டாம். அந்த நாலு நிமிஷத்தை மட்டும் போடறேன். நடுவுல வந்து உக்காரு. கண்ணை மூடிக்க, ஸ்கிரீனைப் பாத்து ஊகம் பண்ணக் கூடாது.

— நான் எப்பக்கா ஸ்கிரீனைப் பாத்தேன்? மூடிட்டேன். ஆனா ஒரு கண்டிஷன். எனக்குக் கேட்டுச்சுன்னா ஒரு செகண்டு கூட வெட்டக் கூடாது. தெரிஞ்சுதான் விட்டோம்னு சிடி கம்பெனிக்காரனுக்கு எழுதிடணும்.

— கேக்கலன்னா?

— கேக்கலன்னா நேரா இடி வேன் நிக்கிற எடத்துக்குப் போறேன். அத்தனை ஸ்கூல் புள்ளைங்க முன்னாடி மன்னிப்பு கேக்கறேன். அவன் வீட்டுக்கும் போறேன். போதுமா?

— போதும். அசையாம உக்காரு. கேக்குதா?

— இருங்க... ஆ. வந்துடுச்சு.

— எந்தப் பக்கம்?

— ரெண்டு பக்கமும். இடது கொஞ்சம் தூக்கலா இருக்கு. நான் ஆம்ப் மேல சாயற பக்கம் அதான். இன்னிக்கு என்ன இவ்வளவு சுத்தமா கேக்குது! நல்ல ரூம்க்கா உங்க ரூம். கொஞ்சம் ஏத்துங்களேன்.

— ஏத்திட்டேன்.

— ஆமா... ஆமா, இப்ப இன்னும் கிட்ட வந்துடுச்சு. அக்கா? அழறீங்களா?

— இல்லப்பா.

— மூக்கை உறிஞ்சறீங்களே. அப்ப உங்களுக்கும் கேட்டுடுச்சு! எனக்குத் தெரியும், ஒரு தடவ காதுல விழுந்துட்டா யாரா இருந்தாலும் அழுதுடுவாங்க. எழுதிடுங்கக்கா, தெரிஞ்சுதான் விட்டோம்னு. இடிகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவான், திரும்பி வந்தாலும் வருவான். இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்?

— தம்பி, கண்ணைத் தொற. நான் இன்னும் பாட்டையே போடல.